‘கோலிங்’ என்று மட்டும் காட்டுகிறதா? வட்ஸ்அப் அழைப்பு எங்கே தடைப்படுகிறது

செய்திக்காகப் போகும் வீடுகளில், குறிப்புப் புத்தகத்தை மூடிய பிறகு எனக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். “பிள்ளை, இந்தப் போனை ஒருக்காப் பாருங்கோ, மகன்ர கோல் வருகுதில்லை” என்று ஒரு கைத்தொலைபேசி நீட்டப்படும். காணி விடுவிப்பு, நுண்கடன், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எதைப் பற்றி எழுதப் போனாலும் இது நடக்கும். அப்படி என் கைக்கு வந்த போன்களில் பெரும்பாலானவற்றின் பிரச்சினை ஐந்து, பத்து நிமிடங்களில் தீர்ந்திருக்கிறது. ஆனால், அது தீரும் வரை அந்த வீடு எத்தனை நாள் பதற்றத்தில் இருந்தது என்பதைக் கேட்டால்தான் இது சின்ன விடயமில்லை என்று விளங்கும்.

எங்கள் ஆட்களுக்குத் தொடர்பு அறுவது என்றால் என்னவென்று தெரியும். கொழும்பு லொட்ஜ்களிலும் வவுனியா ‘கொமினிகேஷன்’களிலும் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து வெளிநாட்டு அழைப்பு எடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோதும், 2009இன் முதல் மாதங்களிலும் மறுமுனையின் மௌனத்துக்கு என்ன அர்த்தம் இருந்ததோ, அதே அர்த்தத்தைத்தான் இன்று எடுக்காத ஒரு வட்ஸ்அப் அழைப்புக்கும் மனம் முதலில் கொடுக்கிறது. அல்லது, “அவன் எங்களை புளொக் பண்ணிப்போட்டான்” என்று ஒரு மனத்தாங்கல் தொடங்குகிறது. காசு கேட்டு ஒரு கிழமைக்குள் அப்படியொரு மௌனம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

அழைப்பு எங்கே தடைப்படுகிறது என்பதைப் போனே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அதை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். வட்ஸ்அப்பை வைத்தே எழுதுகிறேன். வைபர், இமோ பாவிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

திரையில் உள்ள ஒரு சொல்

ஒருவருக்கு அழைப்பு எடுத்தவுடன் அவருடைய பெயருக்குக் கீழே ‘கோலிங்’ என்று வரும். பிறகு அது ‘ரிங்கிங்’ என்று மாறும். போன் தமிழில் இருந்தால் ‘அழைக்கிறது’, ‘ஒலிக்கிறது’ என்பது போன்ற சொற்கள் வரும். காதில் என்ன சத்தம் கேட்டாலும் பரவாயில்லை, கண்ணால் இந்தச் சொல்லைப் பாருங்கள்.

‘கோலிங்’ என்பதிலேயே நின்றால் உங்கள் அழைப்பு அவருடைய போனைச் சென்றடையவில்லை. அந்தப் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், அவர் நிலக்கீழ் ரயிலில் இருக்கலாம், அல்லது உங்கள் பக்கத்து இணையமே வேலை செய்யாமல் இருக்கலாம். ‘ரிங்கிங்’ என்று மாறினால் அழைப்பு அவருடைய போனுக்குப் போய்விட்டது. இனிப் பிரச்சினை வலையமைப்பில் இல்லை. அவர் எடுக்கவில்லை, அல்லது போன் சத்தமில்லாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

‘கோலிங்’ நிலையில் நின்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். ஒரு சரி அடையாளம் வந்தால் செய்தி உங்கள் போனிலிருந்து வெளியேறிவிட்டது, ஆனால் அவருடைய போனுக்குப் போகவில்லை. இரண்டு வந்தால் அவருடைய போனுக்குப் போய்விட்டது. ஒரு அடையாளமும் வராமல் சிறிய மணிக்கூட்டு அடையாளம் இருந்தால் கோளாறு உங்கள் பக்கத்தில்: உங்களிடம் இணையம் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் போதும். பழுது பார்க்கும் கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள்.

‘புளொக்’ பற்றிய சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உங்களை ஒருவர் தடுத்து வைத்திருந்தால் செய்திக்கு ஒரு சரிதான் வரும், அழைப்பும் போய்ச் சேராது, அவருடைய படமோ கடைசியாக வந்த நேரமோ தெரியாது. ஆனால், போன் பழுதாகி மூலையில் கிடந்தாலும் அதே ஒரு சரிதான் வரும். படத்தையும் நேரத்தையும் யாருக்கும் காட்டாமல் மறைத்து வைப்பதும் பலருடைய வழக்கம். தடுத்தவருடைய தனியுரிமைக்காக வட்ஸ்அப் இதை வேண்டுமென்றே மங்கலாக வைத்திருக்கிறது. எனவே திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவருடைய சாதாரண இலக்கத்துக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது அங்குள்ள இன்னொரு உறவினரிடம் கேளுங்கள். அதற்கு முன் குடும்பத்துக்குள் பகை வேண்டாம்.

அம்மாவின் போன் ஏன் அடிக்கவில்லை

நான் அதிகம் கண்ட பழுது இதுதான். பிள்ளை வெளிநாட்டிலிருந்து எடுக்கிறான், இங்கே போன் மேசையில் கிடக்கிறது, சத்தமே இல்லை. அம்மா போனைக் கையில் எடுத்துத் திரையைத் திறந்ததும் மூன்று மிஸ்ட் கோல்கள் ஒன்றாக வந்து விழுகின்றன. “நான் பக்கத்திலதான் இருந்தனான்” என்று அவர் சொல்வதை மகன் நம்புவதில்லை. அவர் சொல்வது உண்மை.

அன்ரோயிட் போன்கள் பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக, திரை அணைந்ததும் பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்க வைக்கின்றன. எங்கள் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பனையாகும் குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு கடுமையானது. வட்ஸ்அப் உறங்கிவிட்டால் அழைப்பு வந்தது அதற்குத் தெரியாது. திரையைத் தட்டியதும் விழித்துக்கொண்டு, தவறியவற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டும்.

இதை மாற்றப் போனின் செட்டிங்ஸுக்குள் போய், ‘அப்ஸ்’ பட்டியலில் வட்ஸ்அப்பைத் திறந்து, ‘பற்றரி’ என்பதை அழுத்துங்கள். அங்கே ‘அன்ரெஸ்ரிக்டட்’ அல்லது ‘நோ ரெஸ்ரிக்ஷன்ஸ்’ என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சில போன்களில் ‘ஓட்டோ ஸ்டார்ட்’ என்று இன்னொரு தெரிவும் இருக்கும். அதையும் வட்ஸ்அப்புக்குத் திறந்துவிட வேண்டும். அதே பக்கத்தில் ‘மொபைல் டேட்டா’ என்பதற்குள் பின்னணியில் டேட்டா பாவிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். போன் முழுவதற்குமான ‘டேட்டா சேவர்’, ‘பற்றரி சேவர்’ ஆகியன போடப்பட்டிருந்தால் நிறுத்துங்கள். “பற்றரி கெதியாப் போகுமே” என்று கேட்பார்கள். கொஞ்சம் போகும்தான். இரவில் சார்ஜில் போட்டால் போயிற்று.

அடுத்தது ‘டூ நொட் டிஸ்டேர்ப்’. மேலிருந்து திரையை இழுக்கும்போது கை தவறிப் பட்டு இது போடப்பட்டுவிடும். பேரப்பிள்ளை கேம் விளையாடிய பிறகு அடிக்கடி இப்படி இருக்கும். பிறைச் சந்திர அடையாளமோ, நடுவே கோடு போட்ட வட்டமோ மேலே தெரிந்தால் அதுதான். வட்ஸ்அப்பின் உள்ளேயும் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ பகுதியில் அழைப்புக்குரிய மணியொலி ‘நன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பல மாதங்கள் தொடாமல் வைத்திருந்த போன் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. புதிய அன்ரோயிட் போன்கள், நீண்டகாலம் திறக்கப்படாத செயலிகளின் அனுமதிகளைத் தாமாகவே பறித்துவிடும். அழைப்பு வரும், எடுத்தாலும் உங்கள் குரல் மறுமுனைக்குப் போகாது, ஏனென்றால் மைக்கைப் பாவிக்கும் அனுமதி போய்விட்டது. அதே ‘அப்ஸ்’ பக்கத்தில் ‘பெர்மிஷன்ஸ்’ என்பதற்குள் மைக்ரோபோனையும், வீடியோவுக்குக் கமராவையும் அனுமதியுங்கள்.

மிகப் பழைய போன்களுக்கு ஒரு சொல். அன்ரோயிட் 5க்குக் கீழே உள்ளவற்றிலும், ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள ஐபோன்களிலும் 2025இலிருந்து வட்ஸ்அப் இயங்குவதில்லை. வெளிநாட்டு உறவினர் பத்து வருடங்களுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த ஐபோன் பல வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதில் எந்த செட்டிங்ஸை மாற்றியும் பயனில்லை.

குரல் உடைந்து உடைந்து கேட்டால்

செய்தி போகிறது, படம் போகிறது, கோல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறதே ஏன் என்று கேட்பார்கள். செய்தி காத்திருக்கும், கதை காத்திருக்காது. செய்தியின் ஒரு பகுதி வழியில் தொலைந்தால் மீண்டும் அனுப்பப்படும். இரண்டு செக்கன் பிந்தினாலும் உங்களுக்குத் தெரியாது. குரல் அப்படியல்ல. அது சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டு உடனுக்குடன் போகிறது. ஒரு துண்டு பிந்தினால் அதைப் போட இடமில்லை. அந்த இடத்தில் வெற்றிடம்தான். ‘ரீகனெக்டிங்’ என்று திரையில் வருவது, துண்டுகள் வருவது முற்றாக நின்றுவிட்டதால், பாதையை மீண்டும் தேடுகிறது என்பதற்கு அடையாளம்.

முதலில் வீடியோவை நிறுத்தி, குரலில் மட்டும் கதையுங்கள். வீடியோவுக்குக் குரலைப்போலப் பல மடங்கு டேட்டா வேண்டும். முகம் பார்க்கத்தான் எடுக்கிறோம், எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் முகம் பார்த்துவிட்டு வீடியோவை அணைத்தால் மீதிக் கதையை ஒழுங்காகக் கதைக்கலாம். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்பதற்குள் ‘யூஸ் லெஸ் டேட்டா போர் கோல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சிக்னல் பலவீனமான இடங்களில் அதைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் எங்கே நின்று கதைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சீமெந்து வீட்டின் நடு அறையும், தகரக் கூரையின் கீழும் சிக்னலுக்கு நல்ல இடங்கள் அல்ல. முற்றத்துக்கு வாருங்கள். பின்னேரம் ஏழு மணிக்கு மேல் ஊர் முழுவதும் ஒரே கோபுரத்தில் தொங்குவதால் வேகம் குறையும்; அதிகாலையில் எடுத்தால் அதே இடத்தில் தெளிவாகக் கேட்கும். பல மணித்தியால மின்வெட்டு வந்தால் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துபோகும். அப்போது போனில் எந்தத் திருத்தமும் உதவாது.

‘நான் கதைக்கிறது அவருக்குக் கேட்கவில்லை, அவர் கதைக்கிறது எனக்குக் கேட்கிறது’ என்பது வேறு வகை. யாருடைய பக்கத்தில் பிழை என்று கண்டுபிடிக்க ஒரு குரல் செய்தி பதிவுசெய்து நீங்களே போட்டுக் கேளுங்கள். உங்கள் குரல் தெளிவாகக் கேட்டால் மைக் சரி. கேட்கவில்லையென்றால் அனுமதியைப் பாருங்கள், பிறகு போனின் அடியிலுள்ள சிறு துளையைப் பாருங்கள். மாவும் தூசும் அடைத்திருக்கும், அல்லது புதிதாகப் போட்ட கவர் அதை மூடியிருக்கும். புளூடூத் போட்டபடி இருந்தால் உங்கள் குரல் பக்கத்து அறையில் கிடக்கும் ஹெட்செட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதையும் அணைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, விபிஎன். 2022இல் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது அவசர அவசரமாகப் போட்ட இலவச விபிஎன் செயலிகள் பலரின் போன்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து பரிசுக்குப் போகும் குரலை அது வேறு எங்கேயோ உள்ள ஒரு நாட்டின் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும். திரையின் மேலே சிறிய சாவி அடையாளம் தெரிந்தால் விபிஎன்னை நிறுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பக்கேஜ் வாங்கும்போது கவனிக்க வேண்டியதொன்றும் உண்டு. சமூக ஊடக பக்கேஜ் என்று விற்கப்படுவதில் வட்ஸ்அப் செய்தி மட்டும் அடக்கமா, அழைப்பும் அடக்கமா என்பதைக் கேட்டுவிட்டு ரீலோட் பண்ணுங்கள். செய்தி போய், கோல் போகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இலக்கங்கள்

இலக்கத்தை நாட்டுக் குறியீட்டுடன் சேமித்தால்தான் வெளிநாட்டில் உள்ளவரை வட்ஸ்அப் சரியாகக் கண்டுபிடிக்கும். இலங்கை +94, பிரித்தானியா +44, பிரான்ஸ் +33, சுவிஸ் +41, ஜேர்மனி +49, நோர்வே +47, கனடா +1, அவுஸ்திரேலியா +61, இந்தியா +91. இலங்கை, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா இலக்கங்களில் உள்ளூரில் முன்னால் போடும் பூச்சியத்தை நீக்கிவிட வேண்டும். துண்டில் எழுதிக் கொடுத்த இலக்கத்தை அப்படியே பூச்சியத்துடன் பதிவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

இலக்கங்கள் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது செட்டிங்ஸில் தீராதது. மகன் 2008இல் கொழும்பில் காணாமல் போன ஒரு தாய், அவருடைய பழைய இலக்கத்தைத் தன் போனில் மகனின் பெயரிலேயே வைத்திருந்தார். ஒருநாள் அந்தப் பெயருக்கு எதிரே வட்ஸ்அப் படம் ஒன்று வந்தது. யாரென்று தெரியாத இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான். அவர் எடுத்தார். ‘ரிங்கிங்’ என்று வந்தது. மறுமுனையில் சிங்களத்தில் ஒரு குரல்.

நீண்டகாலம் பாவிக்காத சிம்மைத் தொலைபேசி நிறுவனங்கள் செயலிழக்கச் செய்து, அந்த இலக்கத்தை வேறொருவருக்கு விற்பது வழமை. வட்ஸ்அப்பும் பொதுவாக 120 நாட்கள் பாவிக்கப்படாத கணக்கை நீக்கிவிடும். பின்னர் அதே இலக்கத்தில் புதியவர் கணக்குத் திறந்தால், பழைய பெயருக்குக் கீழே அவருடைய படம்தான் வரும். அந்த இளைஞனுக்கும் மகனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை அந்தத் தாய்க்கு விளங்கப்படுத்த எனக்கு நெடுநேரம் எடுத்தது. அவர் அந்தப் பெயரை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதன் மறுபக்கம் உயிருடன் இருப்பவர்களுக்கானது. உங்கள் சிம்மை அவ்வப்போது ரீலோட் பண்ணி உயிருடன் வைத்திருங்கள். இலக்கம் மாறினால் வட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்’ பகுதியில் உள்ள ‘சேஞ்ச் நம்பர்’ வழியாக மாற்றுங்கள். உங்கள் பழைய இலக்கத்தை இன்னொருவர் எடுத்தபின், உங்கள் சகோதரி அவருக்குக் காசு அனுப்பும் நிலை வரக்கூடாது.

தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு

2023 ஜூனில் வட்ஸ்அப் ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் ‘பிரைவசி’, பிறகு ‘கோல்ஸ்’, அங்கே ‘சைலன்ஸ் அன்னோன் கோலர்ஸ்’. இதைப் போட்டால் உங்கள் பட்டியலில் இல்லாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு சத்தமிடாது. ஆனால், அழைப்புப் பட்டியலில் பதிவாகியிருக்கும். மோசடி அழைப்புகளிலிருந்து தப்ப நல்ல வழி. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும்போது பெற்றோரின் போனில் இதைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு மகள் சிம் மாற்றி வேறு இலக்கத்திலிருந்து எடுத்தால் சத்தம் வராது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் பலர் இந்த வசதியை விரும்புவதில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களின் பந்தல்களில் நான் இதைக் கேட்டிருக்கிறேன். “தெரியாத நம்பரில இருந்துதானே பிள்ளை அவன் எடுப்பான்” என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையும் அங்கே எடுபடாது. எடுபடவும் தேவையில்லை. அவர்களுடைய போனில் இதைப் போடாமல் விடுங்கள். ஆனால், எடுத்தவர் “உங்கட மகன் இருக்கிற இடம் தெரியும், இவ்வளவு காசு போடுங்கோ” என்று சொன்னாலோ, போனுக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டாலோ, உடனே எதையும் கொடுக்காமல் வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கேட்கும்படி சொல்லிவையுங்கள். அந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவருடைய போனுக்குப் போய்விடும். அதன்பின் மகள் எடுக்கும் அழைப்பும் அங்கேதான் அடிக்கும்.

நாடே மூடியிருந்தால்

சில வேளைகளில் பிழை உங்கள் போனிலும் இல்லை, அவருடைய போனிலும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் செய்தி வேலை செய்யும், குரல் அழைப்பு நீண்டகாலமாகத் தடை. கட்டாரிலும் ஓமானிலும் இருப்பவர்களும் இதே சிக்கலைச் சொல்வார்கள். டுபாய் போன முதல் கிழமையில் மகன் எடுக்கவில்லை என்று பதறும் குடும்பங்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் நல்லது. அங்கே அனுமதி பெற்ற ‘போட்டிம்’ போன்ற செயலிகளை இங்கேயும் போட்டுக்கொண்டால் கதைக்கலாம். விபிஎன் போட்டு எடுக்கச் சொல்லி இங்கிருந்து வற்புறுத்தாதீர்கள். அமீரகத்தில் சட்டவிரோதச் செயலுக்காக விபிஎன் பாவிப்பதற்கான தண்டப்பணம் 5 இலட்சம் திர்ஹாமிலிருந்து தொடங்குகிறது.

வீட்டு வேலைக்குப் போன பெண்களின் மௌனம் வேறு. அங்கே போன் பழுதாகாமலும் ‘கோலிங்’ என்று நிற்கும்: போன் எஜமானியின் அலுமாரியில் இருக்கும். நாட்கணக்கில் ஒரு சரியிலேயே செய்திகள் நின்றால் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருக்காமல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடுங்கள். ஒப்பந்தப் பிரதியும் கடவுச்சீட்டு இலக்கமும் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் நாடும் இதைச் செய்திருக்கிறது. கண்டி திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது 2018 மார்ச் 7இலிருந்து ஒரு கிழமைக்கு மேலாகவும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் 2019 ஏப்ரல் 21இலிருந்து 30 வரையும், பொருளாதார நெருக்கடியில் ஊரடங்கு போடப்பட்டிருந்த 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் முடக்கப்பட்டன. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றைக்கே வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வீட்டு வட்ஸ்அப் கிடைக்காமல் போனது. செயலி முடக்கப்பட்டாலும் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேறு பாதையில் போகின்றன என்பதை நினைவில் வைத்திருங்கள்.

யாரும் மூடாமலும் நிற்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இலங்கை நேரம் இரவு 9 மணிக்குப் பின் வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6 மணித்தியாலம் நின்றன. அந்த நிறுவனம் தன் சொந்த வலையமைப்பில் செய்த ஒரு மாற்றம் பிழைத்துப்போனதே காரணம். அப்படியான இரவில் போனை ரீசெட் பண்ணினால், உள்ளே இருந்த படங்களை இழப்பதுதான் மிச்சம். முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

எதிரொலி கேட்டால் ஒட்டுக்கேட்கிறார்களா?

இந்தக் கேள்வி எங்கள் பகுதியில்தான் இவ்வளவு கேட்கப்படுகிறது, கேட்பதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் எதிரொலி, கரகரப்பு, ‘டிக்’ என்ற சத்தம் எதுவும் ஒட்டுக்கேட்பதற்கு அடையாளம் அல்ல. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால், மறுமுனையில் அவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், அந்தச் சத்தம் அவருடைய மைக்குக்குள் மீண்டும் போகிறது. அவரிடம் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் அழைப்பு முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது. இடையில் உள்ள தொலைபேசி நிறுவனத்துக்கு நீங்கள் கதைப்பது விளங்காது. சாதாரண அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காக எல்லாம் பத்திரம் என்றும் நினைக்கக்கூடாது. போனைக் கையில் வாங்கித் திறந்து பார்ப்பவருக்கு, யாருடன் எத்தனை மணிக்குக் கதைத்தீர்கள் என்பது பட்டியலாகத் தெரியும். 2019 மே மாதத்தில் வட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஒரு ஓட்டையின் வழியாக ‘பெகாசஸ்’ உளவு மென்பொருள் போன்களுக்குள் நுழைக்கப்பட்டது தெரியவந்தது. அழைப்பை எடுக்காவிட்டாலும் அது நுழைந்தது. சுமார் 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன. உடனே அந்த ஓட்டை அடைக்கப்பட்டது, ஆனால் செயலியை அப்டேட் பண்ணியவர்களுக்கு மட்டும். போராட்டங்களில் முன்னிற்பவர்களும் வழக்குகள் நடத்துபவர்களும் வட்ஸ்அப்பைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டியது நல்ல சத்தத்துக்காக மட்டும் இல்லை.

செத்தவீடும் வீடியோ கோலும்

விசா இல்லாததால், வழக்கு முடியாததால் வர முடியாத பிள்ளைகள் தாயின் இறுதிக் கிரியையை வீடியோவில் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் கோல் அறுந்தால் திரும்ப நடத்திக் காட்ட முடியாது. அதனால் ஒரு போனை இதற்கென்றே ஒதுக்குங்கள். சார்ஜரில் அல்லது பவர் பாங்கில் போட்டுவிட்டு, முதல்நாளே டேட்டா போட்டு, கிரியை நடக்கும் இடத்தில் வைத்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். வீட்டில் கூட்டம் சேரும்போது வைஃபையில் இருபது பேர் ஏறுவார்கள். கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். வெளிநாட்டில் பலர் பார்க்க வேண்டுமென்றால் எல்லோரும் தனித்தனியே எடுக்காமல் ஒரே குழு அழைப்பில் சேரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு போனில் தனியே பதிவுசெய்யுங்கள். அழைப்பு அறுந்தாலும் அந்தப் பதிவு இரவில் போய்ச் சேரும்.

அவசர உதவிக்கு வட்ஸ்அப்பில் எடுக்க முடியாது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, இரண்டுக்கும் சாதாரண அழைப்புத்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் இலக்கங்களையும், அவர்களுக்கு அருகில் இருக்கும் இன்னொருவரின் சாதாரண இலக்கத்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். போன் உடைந்தால் உள்ளே இருக்கும் இலக்கங்களும் போய்விடும். அதே தாளில் நேரத்தையும் எழுதலாம். கோடையில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலமும் ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலமும் பின்னால். குளிர்காலத்தில் ஐந்தரையும் பத்தரையும். ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளிலும், கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறுகளிலும் மணிக்கூடு மாறும். அந்தக் கிழமைகளில் வழக்கமான நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் பாருங்கள்.